புராட்டஸ்டண்ட் மரபு இன்றைய சமுதாயத்துக்கு விட்டுச்சென்றது எது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வட ஐரோப்பாவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்களே இன்று அரிது. அப்படியிருக்க, முதலாளித்துவம், அறிவியல், ஜனநாயகம் எல்லாமே புராட்டஸ்டண்ட் மதத்திலிருந்து வந்தவை என்று சிலர் அடித்துச் சொல்கிறார்களே, இதில் எவ்வளவு உண்மை? இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எது எதற்குக் காரணம் என்பது ஒன்று. நம்பிக்கை கரைந்த பிறகும் எது தங்கியிருக்கிறது என்பது இன்னொன்று. எல்லோரும் முதல் கேள்விக்குத்தான் பாய்ந்து பதில் சொல்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டாவதில்தான் அதிகம். 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பிய வரலாற்றைக் கல்லூரியில் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இறையியல் என் துறை அல்ல. எந்தச் சபையின் போதனை சரி என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை.

முதலில் முதலாளித்துவத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த வாதம் அதுதான். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904, 1905இல் எழுதிய கட்டுரைகளில் அதை முன்வைத்தார். யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்று கற்பித்தவர் ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின். தான் மீட்கப்பட்டவனா இல்லையா என்ற கவலை அவர் வழிவந்தவர்களைக் கடுமையான, ஒழுங்கான உழைப்பை நோக்கித் தள்ளியது. சம்பாதித்ததை ஆடம்பரத்தில் கரைக்கவும் அவர்கள் மதம் விடவில்லை. ஆகவே பணம் முதலாகச் சேர்ந்தது. சுருக்கமாக இவ்வளவுதான். படிக்கும்போது மனதைக் கவ்வும் வாதம், மறுக்கவில்லை. ஆனால் 1517இல் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி லூத்தர் பிறப்பதற்கு நூறு, இருநூறு வருடம் முன்பே ஃபுளோரன்சிலும் வெனிசிலும் வங்கியும் இரட்டைப் பதிவுக் கணக்கும் இருந்தன. லூத்தர் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய பணக்காரக் குடும்பமான ஆக்ஸ்பர்க் ஃபுக்கர்கள் கத்தோலிக்கர்கள். பிரிட்டனுக்கு அடுத்தபடியாகத் தொழிற்புரட்சி வேர்பிடித்த பெல்ஜியம் கத்தோலிக்க நாடு. டாவிடே கண்டோனி என்ற பொருளாதார ஆய்வாளர், 1300 முதல் 1900 வரை 272 ஜெர்மன் நகரங்களின் மக்கள்தொகை எப்படி வளர்ந்தது என்று பார்த்தார். புராட்டஸ்டண்ட் நகரம், கத்தோலிக்க நகரம் என்ற வேறுபாடு வளர்ச்சியில் தெரியவில்லை.

அதே சமயம், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் ஓரளவு வசதியாக இருந்ததும் நிஜம். பெக்கர், வோஸ்மான் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தோண்டியது. அந்த மாவட்டங்களில் எழுத்தறிவும் அதிகம். எழுத்தறிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் வருமான வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதாவது அந்த மக்களை உயர்த்தியது உழைப்பைப் பற்றிய தனி மனப்பான்மை என்பதைவிட, வாசிக்கத் தெரிந்திருந்தது என்பதே பொருத்தமான விளக்கம். இந்த முடிவையும் கேள்வி கேட்பவர்கள் உண்டு. ஆனாலும் என்னைக் கேட்டால் முழு விவகாரத்துக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு விசுவாசியும் வேதவசனத்தைத் தானே அறிய வேண்டும் என்று சொல்லிவிட்டால், அடுத்த நாளே பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொல்லத்தான் வேண்டும். லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் கொடுத்தார். 1524இல் நகர சபைகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: சாலைக்கும் பாலத்துக்கும் பீரங்கிக்கும் வருடாவருடம் இவ்வளவு செலவு செய்கிறீர்களே, பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரை வைக்கக் கூடாதா என்ற தோரணையில். பெண் பிள்ளைகளும் தினம் ஒரு மணி நேரமாவது பள்ளிக்குப் போகட்டும் என்பதும் அதில் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை. 1525 விவசாயிகள் போருக்குப் பிறகு லூத்தரே கொஞ்சம் பின்வாங்கினார். ஆளாளுக்கு வேதத்தைப் புரட்டி விளக்கம் சொல்வதைவிட, 1529இல் தான் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை (மத போதனையைக் கேள்வி பதிலாகச் சொல்லும் கையேட்டை) எல்லோரும் மனப்பாடம் செய்வதுதான் பத்திரம் என்று அவருக்குப் பட்டது. எனவே 1517இல் தீப்பொறி, 1550இல் எல்லோருக்கும் வாசிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண மக்கள் பெருவாரியாக வாசிக்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான்.

அது எப்படி நடந்தது என்பதை ஸ்வீடனில் பார்ப்பதுபோல வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது. 1686இல் அங்கே ஒரு திருச்சபைச் சட்டம் வந்தது. பிள்ளைகள் மட்டுமல்ல, பண்ணையாட்களும் வேலைக்காரப் பெண்களும்கூட வாசிக்கக் கற்று, கடவுள் கட்டளையிட்டதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றது. சட்டம் போட்டாயிற்று, பள்ளிக்கூடம் கட்டவில்லை. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில். பெரும்பாலும் அம்மாதான் அகரவரிசைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். சரி, நடக்கிறதா இல்லையா என்று யார் பார்ப்பது? போதகர். வருடத்துக்கு ஒரு முறை அவர் அந்த வட்டாரத்தின் ஒரு பண்ணை வீட்டுக்கு வருவார். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் மொத்தமும் அங்கே கூடும். எஜமானனும் வேலைக்காரியும் ஒரே அறையில். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அப்புறம் ஞானோபதேசம்: கட்டளையைச் சொல்ல வேண்டும், 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்டால் லூத்தரின் விளக்கத்தையும் சொல்ல வேண்டும். போதகர் முன்னால் ஒரு பெரிய பதிவேடு விரிந்திருக்கும். வாசிப்புக்கு ஒரு பத்தி, மனப்பாடத்துக்கு ஒரு பத்தி, பொருள் புரிந்திருக்கிறதா என்பதற்கு ஒரு பத்தி. கோடும் புள்ளியுமாக அதில் மதிப்பெண் விழும். தேறாதவருக்குத் திருவிருந்து, அதாவது ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்கு, கிடையாது. திருவிருந்தில் சேராதவருக்குக் கல்யாணமும் கிடையாது. பயத்தோடு காத்திருந்து, சோதனை முடிந்ததும் அதே வீட்டில் எல்லோருக்கும் விருந்து.

இதன் பலனாக, ஸ்வீடனில் ஒவ்வொரு ஊர்ச் சபையும் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்ற சட்டம் 1842இல் வருவதற்கு வெகு முன்பே மக்களில் மிகப் பெரும்பாலோர் வாசித்தார்கள். பெண்கள் ஆண்களுக்குச் சளைக்கவில்லை. ஆனால் எழுதத் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம், ஏனென்றால் எழுத்தை யாரும் சோதிக்கவில்லை. பழகிய ஞானோபதேசத்தை வாசித்தது நிஜமான வாசிப்பா, பாதி மனப்பாடமா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள், நியாயமான சந்தேகம்தான். வாசிப்பின் நோக்கம் சுதந்திரச் சிந்தனை அல்ல, கீழ்ப்படிதல் என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தும், ஒரு ஏழைப் பண்ணைப் பெண் வாசிக்கத்தான் வேண்டும், அதை ஒரு அதிகாரி வந்து உறுதி செய்யத்தான் வேண்டும் என்று ஒரு அரசு 17ஆம் நூற்றாண்டில் முடிவு செய்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. இதற்கு இணையாக மாசசூசெட்ஸில் 1647இல் ஒரு சட்டம் வந்தது: ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஒரு ஆசிரியரை வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 1696இல் சபைவாரியாகப் பள்ளி. டென்மார்க்கில் 1736இல் திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை தன் நம்பிக்கையைச் சபை முன் உறுதி செய்யும் சடங்கு) கட்டாயமாக்கப்பட்டது, மூன்று வருடத்தில் பள்ளிச் சட்டம் பின்தொடர்ந்தது. டென்மார்க்கில் சர்ச் பக்கமே போகாத குடும்பங்கள்கூடப் பிள்ளைக்குப் பதினான்கு வயதானால் திடப்படுத்தல் விழாவை இன்றும் விமரிசையாக நடத்துகின்றன.

அந்தப் பதிவேட்டை மறுபடி எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலர் கவனிக்காத மிச்சம் அதில் இருக்கிறது. போதகர் எழுதியது மதிப்பெண் மட்டுமல்ல. பிறப்பு, இறப்பு, கல்யாணம், யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஊருக்குப் போனார் எல்லாமே அவர் கையில் பதிவாயிற்று. 1749இல் ஸ்வீடன் அரசு இந்தப் போதகர்களை வைத்தே நாடு முழுவதற்கும் மக்கள்தொகைப் புள்ளிவிவரம் சேகரிக்க ஆரம்பித்தது. தொடர்ச்சியாக இவ்வளவு பழைய தேசியப் புள்ளிவிவரம் வேறெங்கும் கிடைப்பது அபூர்வம். ஸ்வீடன் மக்களின் பெயர்ப்பதிவைச் சபையிடமிருந்து வரித்துறை ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1991 ஜூலை 1. நேற்று நடந்த மாதிரிதான். இன்று ஒரு மருந்தின் பின்விளைவு பற்றியோ பரம்பரை நோய் பற்றியோ செய்தித்தாளில் வரும் ஆய்வுகளில் எத்தனை ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்திலிருந்து வருகின்றன என்று கவனித்துப் பாருங்கள். ஒவ்வொருவரையும் பதிந்துவைக்கும் பழக்கமும், பதிபவரை மக்கள் நம்பும் பழக்கமும் அங்கே ஊறிப்போனதில் போதகரின் பதிவேட்டுக்குப் பெரிய பங்குண்டு. பதிபவரை மக்கள் நம்பியதற்கு இதுதான் காரணம் என்ற பாதியை நிரூபிப்பது கடினம். பதிவேட்டின் தொடர்ச்சி ஆவணத்திலேயே இருக்கிறது.

குடும்பத்திலும் மாற்றம் உறுதியானது. லூத்தர் 1525 ஜூனில் கத்தரீனா ஃபோன் போரா என்ற முன்னாள் கன்னியாஸ்திரீயை மணந்தார். விட்டன்பெர்க்கில் பழைய மடத்துக் கட்டிடத்தையே வீடாக்கிக்கொண்டு, பீர் காய்ச்சி, மாணவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, நிலம் வாங்கிக் குடும்பத்தைத் தாங்கியவர் அந்த அம்மாள்தான். ஊருக்கு நடுவே புத்தகங்கள் நிறைந்த, மனைவி மக்களோடு வாழும் போதகர் வீடு என்ற ஒரு புது நிறுவனம் இப்படி உருவாயிற்று. கணித மேதை ஆய்லர், தாவரங்களுக்கு இருபெயர் முறை வகுத்த லின்னேயஸ், நாடகாசிரியர் லெஸ்சிங், தத்துவவாதி நீட்சே, ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் அங்கேலா மெர்க்கல், இவர்கள் எல்லோரும் போதகர் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் இதே மாற்றத்தில் பெண்களுக்கு ஒரு கதவு அடைபட்டது. கல்யாணம் வேண்டாம், படித்து வாழ்கிறேன் என்ற பெண்ணுக்கு இருந்த ஒரே இடம் கன்னியர் மடம். புராட்டஸ்டண்ட் நாடுகளில் அது பெரும்பாலும் மூடப்பட்டது. விவாகரத்தும் ஒரே சீராக வரவில்லை. சூரிச்சில் 1525லேயே திருமண நீதிமன்றம் வந்துவிட்டது. ஆங்கிலிக்கன் இங்கிலாந்திலோ சாதாரண மக்கள் நீதிமன்றத்தில் விவாகரத்து பெற 1857 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அறிவியலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கெப்ளர் இறையியல் படித்த லூத்தரன். கோப்பர்நிக்கஸ் கத்தோலிக்கப் பேராலயத்தில் பதவி வகித்தவர். கலிலியோவும் கத்தோலிக்கர், அவரைத் தண்டித்தவர்களும் கத்தோலிக்கர், வானியலில் தேர்ந்த இயேசு சபையினரும் கத்தோலிக்கர். இதில் மதவாரியாக மார்க் போடுவது வீண் வேலை. ஏழைகளுக்கான பொது நிதியும் அப்படித்தான். ஜெர்மன் நகரங்களான விட்டன்பெர்க்கும் லைஸ்னிக்கும் 1520களின் தொடக்கத்தில் பிச்சையைத் தடுத்துப் பொதுப் பெட்டி வைத்தன என்பது சரி. ஆனால் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கத்தோலிக்க நகரமான ஈப்ரவும் 1525இல் கிட்டத்தட்ட அதையே செய்தது. அது அந்தக் காலத்து நகரங்களின் பொதுப் போக்கு.

ஜனநாயகம், மனச்சாட்சிச் சுதந்திரம் என்று வரும்போதுதான் மிகவும் கவனமாகப் பேச வேண்டும். பெரிய சீர்திருத்தவாதிகள் சுதந்திரம் கொடுத்தார்கள் என்பது தவறு. 1527இல் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை, குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் மறுஞானஸ்நானம் செய்ததற்காக, புராட்டஸ்டண்ட் சூரிச் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. 1553இல் திரித்துவக் கோட்பாட்டை மறுத்த செர்வெட்டஸ் என்ற அறிஞரை ஜெனீவா எரித்தது, கால்வினின் ஒப்புதலோடு. சுதந்திரத்தை வாதாடிப் பெற்றவர்கள் இந்தப் பெரிய சபைகளால் விரட்டப்பட்ட சிறு கூட்டங்கள்: மறுஞானஸ்நானக்காரர்கள், பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள். மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸ் குடியிருப்பைத் தொடங்கி, மத விஷயத்தில் அரசு தலையிடாது என்று வைத்தார். லண்டனில் 1787இல் அடிமை வாணிபத்தை ஒழிப்பதற்காக அமைந்த குழுவில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் குவேக்கர்கள். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கும் மனுக்களும், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்க மாட்டோம் என்ற புறக்கணிப்பும் அந்த இயக்கத்தில்தான் பெரிய அளவில் நடந்தன. இன்று எந்த ஒரு பிரச்சாரக் குழுவும் பயன்படுத்தும் முறைகள் அவை. இதை நான் உறுதியான மிச்சங்களில் சேர்ப்பேன். அதே வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கத் தென்பகுதி பாப்டிஸ்டுகள் 1845இல் அடிமைமுறைக்காகவே தனிச் சபையாகப் பிரிந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஜெர்மனியின் கதை இன்னும் கசப்பானது. லூத்தர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதியதில், அவர்களின் ஜெபாலயங்களை எரிக்கச் சொல்லியிருக்கிறார். வயதான காலத்துக் கோபம் என்று அதைத் தள்ளிவிட என்னால் முடியாது. ஒவ்வொரு நாட்டுச் சபையும் அந்தந்த மன்னர் கைக்குள் போனதால் ஆட்சியாளருக்குப் பணிவது பக்தியின் ஒரு பகுதியாகிவிட்டது. 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கத்தோலிக்கப் பகுதிகளைவிடப் புராட்டஸ்டண்ட் பகுதிகளில் நன்றாகவே அதிக வாக்கு விழுந்தது. எதிர்த்து நின்றவர்களும் அதே சபையிலிருந்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான போதகர் போன்ஹோஃபர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அவர்கள் சிறுபான்மை. 1989இல் லைப்சிக் நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் திங்கட்கிழமை ஜெபக் கூட்டங்களிலிருந்து கிளம்பிய ஊர்வலங்கள் கிழக்கு ஜெர்மன் அரசை ஆட்டிப்பார்த்தன. ஆகவே 'புராட்டஸ்டண்ட் மதம் ஜனநாயகத்தைத் தந்தது' என்பதும் 'சர்வாதிகாரத்துக்குத் துணை போனது' என்பதும் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே பாதிக் கதை.

நம் பக்கத்துக்கும் இதில் உண்மையான தொடர்பு உண்டு, அதுவும் வாசிப்பு வழியாகவே. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே என்ற லூத்தரன் போதகர் நடத்திய அநாதை இல்லமும் பள்ளிகளும், 'ஏழைப் பிள்ளை முதலில் வாசிக்கட்டும்' என்ற எண்ணத்தின் மையம். அந்த வட்டத்திலிருந்து வந்த சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் அனுப்ப, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த வருடமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி. 1714, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சில். பிறகு பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை. தமிழில் முதலில் அச்சடித்தவர்கள் இவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. கத்தோலிக்கப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கசின் தமிழ்ப் புத்தகம் 1578லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் புதுமை பள்ளி, அச்சு, ஞானோபதேசம் மூன்றையும் ஒன்றாகப் பிணைத்ததில்தான் இருக்கிறது. சாதியை அவர்களால் உடைக்க முடியவில்லை. கிறிஸ்தவ ஆலயத்துக்குள்ளேயே தனித்தனி இருக்கை இருந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. ஆறுமுக நாவலர் மெதடிஸ்ட் பள்ளியில் படித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவியவர். மிஷனரிகளை எதிர்த்து அவர் கிளம்பியபோது கையில் எடுத்தவை எவை என்று பாருங்கள். வாராவாரம் பிரசங்கம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம். அடுத்து அச்சுக்கூடம். புராணத்தை எல்லோரும் வாசிக்கும்படி உரைநடையில் எழுதினார். சைவத்தைப் பிள்ளைகளுக்கு வினா விடையாக அச்சிட்டார். வினா விடை வடிவத்தில் சமய நூல் நம்மிடம் அதற்கு முன்பும் இருந்தது, உண்மை. ஆனால் பள்ளி, அச்சு, பிரசங்கம், பாலபாடம் என்று மொத்தமாக ஒரு ஏற்பாட்டை அவர் எதிராளியிடமிருந்தே கற்று, தன் மரபைக் காக்கப் பயன்படுத்தினார். ஒரு மதம் தன்னை ஏற்காதவர்களையும் எவ்வளவு ஆழமாக மாற்ற முடியும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் உதாரணம் நாவலர்தான்.

இன்று உலகில் மிக வேகமாக வளரும் புராட்டஸ்டண்ட் பிரிவு பெந்தெகொஸ்தே. அதன் பலம் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும். பிரேசில் அரசியலில் அது செலுத்தும் செல்வாக்கைப் பற்றிய விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் படிப்பு வட ஐரோப்பாவோடு நிற்பதால் அந்தப் பகுதியை அங்கே களத்தில் வேலை செய்தவர்கள் எழுதுவதுதான் முறை. உங்கள் கேள்வியில் இருந்த மூன்றில் என் கணக்கு இது: முதலாளித்துவத்துக்கு ஆதாரம் பலவீனம், அறிவியலுக்கு அதைவிடப் பலவீனம், ஜனநாயகத்தில் சிறு சபைகளுக்குப் பங்குண்டு, பெரிய சபைகளுக்கு இருபக்கமும் கணக்கு உண்டு. கேள்வியில் இல்லாத எழுத்தறிவுக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. யாராவது முதலாளித்துவ வாதத்தை உங்களிடம் மறுபடி அடித்துச் சொன்னால், பெல்ஜியத்தை என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள்.